கிருமிக்கும் நமக்கும் ஒரே தச்சன்!

ஸ்கேலில் இருக்கும் மிகச் சிறிய கோடுகளுக்கு நடுவே உள்ள இடம் ஒரு மில்லிமீட்டர். நம் குடலில் வாழும் ஈ-கோலை என்ற கிருமியை அந்த இடத்தில் வரிசையாகப் படுக்க வைத்தால் 500 பேர் படுக்கலாம். தாராவியில் ஒரு அறைக்குள் எத்தனை பேர் படுக்கிறீர்கள் என்று கேட்டுச் சிரிக்கும் ஊர்க்காரர்களுக்கு இந்தக் கணக்கையும் சொல்லி வையுங்கள்!

அத்தனை சிறிய உயிருக்கும் வீடு உண்டு. வீட்டைச் சுற்றி ஒன்றல்ல, இரண்டு மதில்கள் உண்டு. வெளி மதிலில் வாசல்கள் உண்டு. எது உள்ளே போகலாம், எது வெளியே வரலாம் என்பதற்குக் கண்டிப்பான விதியும் உண்டு. காய்ச்சலுக்கும் கடுப்புக்கும் நாம் விழுங்கும் மாத்திரை வேலை செய்யுமா செய்யாதா என்பது பல சமயம் அந்த வாசலில்தான் தீர்மானமாகிறது.

அதைவிட வியப்பான செய்தி ஒன்று இருக்கிறது. வாசலைச் சுவரில் பொருத்துவதற்கென்றே கிருமியின் உடம்பில் ஒரு தச்சன் இருக்கிறான். அந்தத் தச்சனின் பங்காளி ஒருவன் நம் உடம்பிலும் கோடிக்கணக்கான அணுக்களுக்குள் உட்கார்ந்து அதே வேலையைச் செய்துகொண்டிருக்கிறான். இருவரும் ஒரே பரம்பரை. பிரிந்து 150 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் தொழிலை விடவில்லை!

சாயம் பிரித்த இரு கூட்டம்

1884-ம் ஆண்டு. டென்மார்க் நாட்டு டாக்டர் ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் பெர்லின் நகரில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். கிருமிகளுக்கு ஊதாச் சாயம் ஏற்றி, பிறகு சாராயத்தால் கழுவினார். சில கிருமிகளில் சாயம் நின்றது. சிலவற்றில் கழுவிப் போய்விட்டது. சாயம் நின்றதை 'கிராம் பாசிட்டிவ்' என்றும், போனதை 'கிராம் நெகட்டிவ்' என்றும் இன்றும் சொல்கிறார்கள். லாபரட்டரி ரிப்போர்ட்டுகளில் இந்தச் சொற்களைப் பார்த்திருப்பீர்கள்.

ஏன் இந்த வேறுபாடு என்று அன்று தெரியாது. சாயம் நிற்காத கூட்டத்துக்கு நடுச்சுவர் மெல்லியது. அதற்கும் வெளியே இன்னொரு கொழுப்புச் சவ்வு போர்த்தியிருக்கிறது. சாராயம் பட்டதும் அந்த வெளிச் சவ்வு கரைந்து, சாயம் வழிந்துவிடுகிறது. இது பின்னாளில் தெரிந்தது.

இந்த வெளிச் சவ்வுதான் நம் கதையின் மதில். டைபாய்டு, காலரா, கக்குவான் இருமல், சிறுநீர்க் கடுப்பு, ஒரு வகை மூளைக்காய்ச்சல் - இவற்றைக் கொண்டுவரும் கிருமிகள் எல்லாம் இரட்டை மதில்காரர்கள். மதிலின் வெளிப்புறம் கொழுப்பும் சர்க்கரையும் சேர்ந்த பொருள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கிறது. எண்ணெயில் கரையும் பொருள் அதில் புக முடியாமல் திணறும். தண்ணீரில் கரையும் பொருள் கொழுப்பைக் கண்டதும் திரும்பிவிடும். ஆக, மதிலைத் தாண்ட வேண்டுமானால் வாசல் வழியாகத்தான் போக வேண்டும்.

பீப்பாய் வாசல்

1976-ம் ஆண்டு தைஜி நகாயே என்ற ஜப்பானிய விஞ்ஞானி இந்த வாசலாக இருக்கும் புரதத்தைத் தனியே பிரித்தெடுத்தார். 'போரின்' என்று அதற்குப் பெயர் வந்தது. ஹிரோஷி நிகைடோ என்ற இன்னொரு ஜப்பானியர் அமெரிக்காவில் இருந்துகொண்டு இந்த வாசல்களின் அளவையும் குணத்தையும் ஆண்டுக்கணக்கில் அளந்து வைத்தார்.

1992-ம் ஆண்டு ஈ-கோலை கிருமியின் போரின் எப்படி இருக்கிறது என்று எக்ஸ்-ரே மூலம் படமே எடுத்துவிட்டார்கள். மரப் பீப்பாயைப் பார்த்திருப்பீர்கள். மரப் பட்டைகளைச் சுற்றிலும் நிறுத்தி, ஒன்றோடு ஒன்று சேர்த்து வளையம் போட்டிருப்பார்கள். போரினும் அப்படித்தான். 16 பட்டைகள் வட்டமாக நின்று, நடுவில் வழி விட்டிருக்கின்றன. மூன்று பீப்பாய்கள் முதுகோடு முதுகு சேர்ந்து ஒரு கூட்டாக மதிலில் பதிந்திருக்கும். ஒரு கிருமியின் மேல் லட்சக்கணக்கில் போரின்கள் உண்டு.

வழியின் அளவு என்ன? ஹைட்ரஜன் அணுவின் எடையை ஒன்று என்று வைத்துக்கொண்டால், ஏறத்தாழ 600 அலகு வரை எடையுள்ள பொருள் நுழையலாம். குளுகோஸ் சர்க்கரையின் எடை 180, தாராளமாகப் போகும். வான்கோமைசின் என்ற பெரிய மருந்தின் எடை 1400-க்கு மேல். வாசலில் இடித்துக்கொண்டு நிற்கும். அதனால்தான் இரட்டை மதில் கிருமிகளிடம் அந்த மருந்து செல்லுபடியாவதில்லை.

உருவம் மட்டும் போதாது. முதல் பென்சிலினின் எடை 334தான். ஆனாலும் இரட்டை மதில் கிருமிகள் பலவற்றை அது அசைக்கவில்லை. 1961-ம் ஆண்டு ஆம்பிசிலின் வந்தது. அது பென்சிலினின் தம்பி. நைட்ரஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஒரு சிறு கொக்கி மட்டும் கூடுதல். அந்தக் கொக்கியோடு போனால் போரின் வாசல் வழி விடுகிறது! ஒட்டுமொத்தமாக இது ஏன் என்று 2017-ம் ஆண்டு அமெரிக்காவின் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தார் நூற்றுக்கு மேற்பட்ட பொருள்களை வைத்துச் சோதித்துப் பார்த்தார்கள். அந்தக் கொக்கி இருக்க வேண்டும், பொருள் உருண்டையாக இல்லாமல் தட்டையாக இருக்க வேண்டும், வளைந்து நெளியாமல் விறைப்பாக இருக்க வேண்டும் என்று கண்டார்கள். பிளாட்பாரத்தில் கூட்டத்துக்குள் கட்டிலைத் தூக்கிக்கொண்டு நுழைகிறவருக்கும், பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்து நுழைகிறவருக்கும் உள்ள வித்தியாசம் நமக்குத் தெரியாததா?

'ஆர்.ஆர்.' என்றால்...

எங்கள் ஆபீசில் ஒரு அண்ணாச்சி இருக்கிறார். திருநெல்வேலிப் பக்கம். சிறுநீர்க் கடுப்பு வந்தபோது மெடிக்கல் கடையில் நோயைச் சொல்லி மாத்திரை வாங்கினார். மூன்று நாளில் குறைந்தது, நிறுத்திவிட்டார். மிச்ச மாத்திரையை அறையில் இருந்த இன்னொருவர் பல் வலிக்கு வாங்கிப் போட்டுக்கொண்டார்! இரண்டு மாதத்தில் அண்ணாச்சிக்குக் கடுப்பு திரும்பியது. மறுபடி அதே கடை, அதே மாத்திரை. மூன்றாவது தடவை மாத்திரை கேட்கவில்லை. டாக்டர் சிறுநீரைப் பரிசோதனைக்கு அனுப்பினார்.

ரிப்போர்ட்டை என் மேஜைக்குக் கொண்டுவந்தார். "ஏ தம்பி, பக்கம் பூரா ஆர், ஆர்னு போட்டிருக்கானே, நம்ம ரயில்வே ரசீதா இது?" என்று கேட்டார். சரக்கு அனுப்புகிறவர்களுக்கு ஆர்.ஆர். என்றால் ரயில்வே ரசீது. ரிப்போர்ட்டில் ஆர் என்றால் 'ரெசிஸ்டன்ட்'. அந்த மருந்துக்குக் கிருமி மசியாது என்று அர்த்தம். எஸ் என்று போட்டிருந்தால் மசியும். 14 மருந்துகளில் 11-க்கு ஆர். எஸ் போட்ட மூன்றில் இரண்டு ஊசி மருந்து. விலையைக் கேட்டு அண்ணாச்சி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். குணமாகி இப்போது நன்றாக இருக்கிறார். செலவு ஒரு மாதச் சம்பளத்தை விழுங்கிவிட்டது.

கிருமி மருந்துக்கு மசியாமல் போக வழிகள் பல. உள்ளே வந்த மருந்தைப் பம்பு வைத்து வெளியே இறைக்கும் கிருமிகள் உண்டு. மருந்து போய்ப் பிடிக்கும் இடத்தையே மாற்றிக்கொள்ளும் கிருமிகள் உண்டு. நமக்கு இங்கே வேண்டியது வாசல் சங்கதி.

கோடிக்கணக்கான கிருமிகள் பெருகும்போது, சிலவற்றுக்கு வாசல் எழுதிய குறிப்பில் பிழை நேர்ந்துவிடுகிறது. வாசல் குறைகிறது, அல்லது இல்லாமலே போகிறது. சாதாரண நாளில் இந்தக் கிருமிகளுக்கு நஷ்டம்தான். ஏனென்றால் மருந்து வரும் அதே வாசல் வழியாகத்தான் சாப்பாடும் வருகிறது. வாசலை அடைத்தவனுக்குப் பட்டினி. மற்றவை பெருத்து வளர, இவை பின்தங்கிப் போகும். ஆனால் மருந்து பாதியளவில் வந்து நிற்கும்போது கதை தலைகீழாகிறது. வாசல் திறந்தவை சாகின்றன. வாசல் அடைத்தவை மிஞ்சுகின்றன. அவற்றின் பிள்ளைகள்தான் பிறகு ஊரை ஆளும்.

இது ஏட்டுக் கணக்கு அல்ல. சூடோமோனாஸ் என்ற கிருமி, ஆஸ்பத்திரியில் நீண்ட நாள் படுத்திருப்பவர்களைத் தாக்குவது. அதற்கு ஐமிபெனம் என்ற மருந்து 'ஓபிஆர்-டி' என்ற ஒரே வாசல் வழியாகத்தான் முக்கியமாக நுழைகிறது. மருந்து ஏற ஏற, அந்த வாசல் இல்லாத கிருமிகள் நோயாளியின் உடம்புக்குள்ளேயே தலையெடுப்பதை 1980-களிலேயே டாக்டர்கள் கண்டுவிட்டார்கள்.

கிளெப்சியெல்லா என்ற கிருமி இன்னும் கெட்டிக்காரன். பட்டினியும் கிடக்காமல், மருந்தையும் விடாமல் இருக்க வழி கண்டது. வாசலை மூடவில்லை. வாசலின் நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் வளையத்தில் இரண்டே இரண்டு அமினோ அமிலங்களைக் கூடுதலாகச் சேர்த்துக்கொண்டது. வழி குறுகிவிட்டது. சர்க்கரை போகும், மருந்து போகாது! 2019-ம் ஆண்டு இது படம் பிடித்துக் காட்டப்பட்டது.

குறுகிய வாசலைத் தப்பித் தவறி மருந்து கடந்தாலும் உள்ளே ஆள் காத்திருக்கிறான். 2010-ம் ஆண்டு உலகம் முழுவதும் பேசப்பட்ட 'என்.டி.எம்.-1' நினைவிருக்கிறதா? அது மருந்தை நறுக்கிப் போடும் ஒரு நொதி. அந்த ஆண்டு வெளிவந்த ஆராய்ச்சிக் கட்டுரையில் முதல் பெயர் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குமாரசாமி கார்த்திகேயன். சென்னையில் 44 கிருமி மாதிரிகளிலும், ஹரியானாவில் 26 மாதிரிகளிலும் அந்த நொதி இருந்தது. பெயரில் டெல்லி இருக்கிறதே என்று நம் அரசியல்வாதிகள் கோபித்துக்கொண்டதுதான் பத்திரிகைகளில் பெரிதாக வந்தது. அந்த நொதி எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதை யாரும் கேட்கவில்லை. வெளி மதிலின் உட்புறத்தில், வாசலைத் தாண்டிய உடனே பிடிக்கும்படி, சுவரோடு சேர்த்துக் கட்டப்பட்டிருக்கிறது!

வெளியே வரும் பெரிய சரக்கு

இதுவரை சொன்னது சில்லறைச் சாமான் போகும் வழி. கிருமி தன் தொழிற்சாலையில் செய்யும் புரதங்கள் பெரிய சரக்கு. அவை போரின் வழியாக வெளியேற முடியாது. அதற்கென்று தனி வாசல்கள் உண்டு. நோய் வருவதே பெரும்பாலும் அந்தச் சரக்கால்தான்.

காலராவை எடுத்துக்கொள்ளுங்கள். நம் பாட்டிமார் வாந்திபேதி என்று சொல்லி நடுங்கிய நோய். கிருமி உடம்பில் இருந்தால் மட்டும் ஏன் இப்படித் தண்ணீராகப் போகிறது என்ற கேள்விக்கு 1959-ம் ஆண்டு பதில் சொன்னவர் கல்கத்தா டாக்டர் சம்புநாத் டே. காலராக் கிருமி வளர்ந்த நீரை எடுத்து, கிருமியை முற்றிலும் வடிகட்டிவிட்டு, முயலின் குடலில் கட்டுப் போட்ட பகுதிக்குள் செலுத்தினார். கிருமியே இல்லாத அந்த நீர் பட்டதும் குடல் தண்ணீர் கோத்து வீங்கியது. கிருமி வெளியே விடும் நஞ்சுதான் குற்றவாளி என்று நிலைநாட்டினார். அவர் வாழ்ந்த காலத்தில் எந்த இந்திய விஞ்ஞான அகாடமியும் அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை. 1985-ல் காலமானார். சினிமாக்காரர் பெயர் பத்தைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லும் நாம், இந்தப் பெயரை ஒரு முறையாவது உச்சரித்திருக்க வேண்டும்.

அந்த நஞ்சு ஆறு துண்டுகள் சேர்ந்த புரதம். எடை 80,000 அலகுக்கு மேல். இரண்டு மதில்களுக்கு நடுவில் உள்ள சந்தில் முழுதாகக் கோக்கப்பட்டு, பிறகு அப்படியே வெளியே தள்ளப்படுகிறது. அதற்கான வெளி வாசல் 15 புரதங்கள் வட்டமாகச் சேர்ந்த பெரிய கோபுர வாசல். 2017-ம் ஆண்டு உறைகுளிர் எலக்ட்ரான் நுண்ணோக்கியால் அதன் வடிவத்தைப் பார்த்தார்கள். நடுவே கதவு கூட இருக்கிறது. சரக்கு வரும்போது மட்டும் திறக்கும்.

கக்குவான் இருமல் கிருமியின் முறை வேறு. தொண்டையில் ஒட்டிக்கொள்வதற்காக அது ஒரு நீளமான புரதத்தை வெளியே விடுகிறது. முழுதாக அல்ல. மடிக்காத நூலாக, ஊசிக் காதில் கோப்பது போல, 16 பட்டை பீப்பாய் ஒன்றின் வழியாக இழுத்து விடுகிறது. நூல் வெளியே வந்த பிறகு முறுக்கேறி உருவம் கொள்கிறது. அந்தப் பீப்பாயின் பெயர் 'எப்ஹெச்ஏ-சி'. பிரான்சு நாட்டு விஞ்ஞானிகள் 2007-ல் அதன் அமைப்பைக் கண்டார்கள்.

இந்தப் பீப்பாயை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. இது நான் முதலில் சொன்ன தச்சனின் சொந்த அண்ணன் தம்பி வகை.

வாசலுக்கு வாசல் வைத்தவன்

யோசித்துப் பாருங்கள். வெளி மதிலில் பதிய வேண்டிய போரின் வாசல் எங்கே செய்யப்படுகிறது? வீட்டுக்குள்ளே. அது உள் மதிலைத் தாண்டி, நடுச் சந்தைக் கடந்து, வெளி மதிலில் சரியான இடத்தில் போய்ப் பதிய வேண்டும். யார் கொண்டுபோவது? யார் பதிப்பது?

பார்சல் ஆபீசில் வேலை செய்கிறவனுக்கு இதில் ஒரு சந்தோஷம். எல்லாம் லேபிள் வேலை! புரதத்தின் தலைப்பக்கத்தில் சில அமினோ அமிலங்கள் விலாசச் சீட்டாக ஒட்டப்பட்டிருக்கும். புரதங்களுக்கு விலாசம் உண்டு என்று நிரூபித்த குந்தர் புளோபெல் என்பவருக்கு 1999-ம் ஆண்டு நோபல் பரிசு கிடைத்தது. உள் மதில் வாசலில் சீட்டைப் பார்த்து உள்ளே இழுத்துக்கொண்டு, சீட்டைக் கிழித்துவிடுவார்கள். நடுச் சந்தில் போர்ட்டர் புரதங்கள் பிடித்துக்கொள்ளும். சுமை வழியில் சுருண்டு கெட்டுப் போகாமல் வெளி மதில் வரை தாங்கிப் போகும்.

அங்கே தச்சன் நிற்கிறான். அவன் பெயர் 'பாம்-ஏ'. 2003-ம் ஆண்டு மூளைக்காய்ச்சல் கிருமியில் ஹாலந்து விஞ்ஞானிகள் இவனை அடையாளம் கண்டார்கள். கிருமிக்கு இந்தப் புரதம் கிடைக்காமல் செய்தபோது, மற்ற வாசல்கள் எல்லாம் பொருத்தப்படாமல் குவிந்து கிடந்தன. கிருமியும் செத்தது.

தச்சனும் ஒரு பீப்பாய்தான். 16 பட்டைகள். ஆனால் மற்ற பீப்பாய்களில் முதல் பட்டையும் கடைசிப் பட்டையும் இறுக்கமாகச் சேர்ந்திருக்கும். இவனிடம் அந்த இணைப்பு தளர்ந்திருக்கிறது. 2013-ம் ஆண்டு அமைப்பு தெரிந்தபோது இதைப் பார்த்து விஞ்ஞானிகள் அசந்து போனார்கள். புதிதாக வரும் புரதத்தின் வாலில் ஒரு குறி இருக்கும். அந்தக் குறியைத் தச்சன் பிடித்துக்கொள்கிறான். தளர்ந்த இணைப்பு திறக்கிறது. அதன் ஓரமாகவே புதுப் பீப்பாயின் பட்டைகள் ஒவ்வொன்றாக அடுக்கப்பட்டு, வட்டம் முடிந்ததும் பக்கவாட்டில் மதிலுக்குள் நழுவி உட்கார்ந்துவிடுகிறது. ஆணி இல்லை, உளி இல்லை.

இங்கே ஒரு வேடிக்கை. தச்சனும் வெளி மதிலில் பதிந்த பீப்பாய் அல்லவா? அவனைப் பதித்தது யார்? ஏற்கெனவே அங்கே இருந்த இன்னொரு பாம்-ஏ! கிருமி இரண்டாகப் பிரியும்போது பழைய தச்சர்கள் இரு வீட்டுக்கும் பங்காகப் போகிறார்கள். அவர்கள்தான் புதுத் தச்சர்களை உட்கார வைக்கிறார்கள். கோழியா முட்டையா என்று கேட்பதுபோல், தச்சன் இல்லாமல் தச்சன் இல்லை.

நம் வீட்டுப் பங்காளி

நம் உடம்பின் அணுக்களுக்குள் மைட்டோகாண்டிரியா என்ற பொருள்கள் உண்டு. சாப்பாட்டை எரித்து சக்தி எடுக்கும் பவர் ஹவுஸ் அதுதான். சிவப்பு ரத்த அணுக்களில் மட்டும் கிடையாது. ஒரு காலத்தில் இது தனியாகத் திரிந்த கிருமி, இன்னொரு உயிருக்குள் குடியேறி அங்கேயே தங்கிவிட்டது என்று 1967-ம் ஆண்டு லின் மார்குலிஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி எழுதினார். பல பத்திரிகைகள் திருப்பி அனுப்பிய பிறகே அந்தக் கட்டுரை அச்சேறியது. இன்று பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது.

பிழைப்புக்கு வெளியூர் வந்து, அங்கேயே வேர் விட்டு, ஊரில் இருந்த நிலபுலனை எல்லாம் எழுதிக் கொடுத்துவிட்டவர் கதை போலத்தான் இதுவும். மைட்டோகாண்டிரியா தன் குறிப்பேட்டில் ஏறத்தாழ எல்லாவற்றையும் வீட்டுக்கார அணுவிடம் ஒப்படைத்துவிட்டது. மனிதனின் மைட்டோகாண்டிரியாவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வகைப் புரதங்கள் வேலை செய்கின்றன. அவற்றில் தன் கையால் செய்துகொள்வது 13 மட்டுமே. மீதி அத்தனையும் வெளியே செய்யப்பட்டு, வெளி மதிலைத் தாண்டி உள்ளே வர வேண்டும்.

கிருமியாக இருந்தபோது சரக்கு உள்ளிருந்து வெளியே போனது. குடியேறிய பிறகு சரக்கு வெளியிலிருந்து உள்ளே வர வேண்டியதாகிவிட்டது. ஏற்றுமதி ஸ்டேஷன் இறக்குமதி ஸ்டேஷனாக மாறியது! அதற்குப் பிறந்த புது வாசலின் பெயர் 'டாம்-40'. இதுவும் பீப்பாயே. ஆனால் 19 பட்டைகள். கிருமிகளின் பீப்பாய்களில் வழக்கமாகப் பட்டைகள் இரட்டைப் படை எண்ணிக்கையில்தான் இருக்கும். ஒற்றைப் படை, குடியேறிய பிறகு வந்த பழக்கம்.

டாம்-40 வாசலை மதிலில் பதிப்பது யார்? 'சாம்-50' என்ற புரதம். 2003-ம் ஆண்டிலேயே ஈஸ்டில் இதையும் கண்டார்கள். கிருமியின் பாம்-ஏயோடு ஒப்பிட்டபோது அதே 16 பட்டை, அதே குடும்பம். ஊர் மாறி, பெயர் மாறி, வீட்டுக்காரன் மாறியும் தச்சன் மாறவில்லை!

ஒப்பிட்டுப் பார்ப்பது போதாது என்று சிலர் நேரடியாகவே சோதித்தார்கள். பாவ் ரொட்டி மாவைப் புளிக்க வைக்கும் ஈஸ்டு, கிருமி அல்ல. நம்மைப் போல மைட்டோகாண்டிரியா உள்ள உயிர். 2009-ம் ஆண்டு ஈ-கோலையின் போரின் குறிப்பை ஈஸ்டுக்குள் நுழைத்தார்கள். ஈஸ்டு அந்த அந்நிய வாசலைச் செய்தது. மைட்டோகாண்டிரியாவின் வெளி மதில் அதை ஏற்றுக்கொண்டு முறைப்படி பதித்தது! மறு ஆண்டு தலைகீழாகவும் செய்து பார்த்தார்கள். மைட்டோகாண்டிரியாவின் வாசலை ஈ-கோலைக்குள் வைத்தார்கள். கிருமியின் தச்சன் அதையும் எடுத்து மதிலில் பதித்துவிட்டான். 150 கோடி ஆண்டுக்கு முன் பிரிந்த பங்காளிகள் ஒருவர் கைமரத்தை மற்றவர் இன்றும் அடையாளம் காண்கிறார்கள். எனக்கு இந்தக் கட்டுரைக்காகப் படித்ததில் இதைவிட ருசித்தது வேறில்லை.

சாம்-50 உள்ளே வருவதற்கு டாம்-40 வாசல் வேண்டும். டாம்-40 பதிவதற்கு சாம்-50 வேண்டும். எனவே மைட்டோகாண்டிரியாவைப் புதிதாக யாரும் கட்ட முடியாது. பழையது வளர்ந்து பிரிந்தால்தான் புதியது. நம்முடையது தாயிடமிருந்து வந்தது. தாய்க்கு அவர் தாயிடமிருந்து. அந்தத் தச்சு வேலை நடுவில் ஒரு நாள் கூட நின்றதில்லை என்பது இதிலிருந்தே தெரிகிறது.

நெற்பயிரின் இலை பச்சையாக இருப்பதற்குக் காரணமான பச்சையத் துணுக்குகளும் இப்படிக் குடியேறியவையே. அங்கே இதே குடும்பத்தைச் சேர்ந்த 'டாக்-75' என்பவன் தச்சு வேலையை விட்டுவிட்டுத் தானே இறக்குமதி வாசலாகிவிட்டான். வயலில் ஒவ்வொரு இலையிலும் ஆயிரக்கணக்கான வகைப் புரதங்கள் அவன் வழியாகத்தான் போகின்றன.

தூண்டிலும் பூட்டும்

மருந்துக்கு மசியாத கிருமிகளால் நேரடியாக 2019-ம் ஆண்டில் மட்டும் உலகில் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்ததாக 2022-ல் 'லான்செட்' மருத்துவ இதழ் கணக்கிட்டது. எனவே விஞ்ஞானிகள் வாசல் சங்கதியை மருந்தாக மாற்ற முனைந்திருக்கிறார்கள்.

ஒரு வழி தூண்டில். கிருமிக்கு இரும்புச் சத்து மிகவும் தேவை. இரும்பைக் கவ்வி வரும் ஒரு பொருளை வெளியே அனுப்பி, அது திரும்பி வரும்போது தனி வாசலைத் திறந்து உள்ளே வாங்கிக்கொள்ளும். ஜப்பானிய கம்பெனி ஒன்று அந்த இரும்புக் கவ்வியோடு மருந்தைச் சேர்த்துக் கட்டியது. செபிடெரகால் என்று பெயர். 2019-ம் ஆண்டு அமெரிக்காவில் அனுமதி பெற்றது. கிருமி தானே கதவைத் திறந்து எமனை வரவேற்கிறது! ஆனால் அந்த இரும்பு வாசலையும் இழந்துவிட்ட கிருமிகள் இப்போது தென்படத் தொடங்கிவிட்டன.

இதனால்தான் இருக்கிற மருந்தைக் காப்பாற்றுவது பெரிய காரியமாகிறது. நம் நாட்டில் 2014-ம் ஆண்டு மார்ச் முதல் 'எச்-1' பட்டியல் என்று ஒன்று அமலில் இருக்கிறது. அதில் உள்ள ஆன்டிபயாடிக்குகளை விற்கும்போது டாக்டர் பெயர், நோயாளி பெயர், மருந்தின் அளவு எல்லாவற்றையும் கடைக்காரர் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். நடைமுறை என்ன என்று சாலில் குடியிருக்கும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மாத்திரை அட்டையில் நீளவாக்கில் ஒரு சிவப்புக் கோடு போட்டிருந்தால், டாக்டர் சீட்டு இல்லாமல் அதை வாங்கக் கூடாது. சளி, சாதாரண இருமல் பெரும்பாலும் வைரசால் வருவது. வைரசுக்கு இந்த மதிலும் இல்லை, வாசலும் இல்லை. அதற்கு ஆன்டிபயாடிக் போட்டால், குடலில் சும்மா இருக்கும் ஈ-கோலைக்குத்தான் வாசல் அடைக்கும் பயிற்சி கொடுக்கிறோம். டாக்டர் ஐந்து நாள் என்றால் ஐந்து நாள். மூன்றாம் நாள் நன்றாக இருந்து நிறுத்தத் தோன்றினால், அவரையே கேட்டுவிட்டு நிறுத்துவது நல்லது. அறை நண்பரின் பல் வலிக்கு நம் மாத்திரை மருந்தல்ல.

இன்னொரு வழி பூட்டு. வாசலை விட்டுவிட்டுத் தச்சனின் கையைக் கட்டுவது. மண்ணில் ஒரு வகை நுண்புழு உண்டு. பூச்சிகளின் உடம்பில் புகுந்து அவற்றைக் கொல்லும். அந்தப் புழுவின் குடலில் குடியிருக்கும் கிருமி ஒன்று, போட்டிக் கிருமிகளை விரட்ட ஒரு பொருளைச் சுரக்கிறது. 2019-ம் ஆண்டு அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் கிம் லூயிஸ் குழுவினர் அதைக் கண்டுபிடித்து டாரோபாக்டின் என்று பெயரிட்டார்கள். அதன் எடை 966 அலகு. போரின் வாசலில் நுழையவே முடியாது. நுழையத் தேவையும் இல்லை! தச்சன் வெளி மதிலிலேயே அல்லவா நிற்கிறான்? அவனுடைய தளர்ந்த இணைப்பில், புதுப் பட்டை வந்து பிடிக்க வேண்டிய இடத்தில், இது போய் உட்கார்ந்துகொள்கிறது. புது வாசல் எதுவும் பதிவதில்லை. மதில் குலைந்து கிருமி சாகிறது.

பங்காளியான நம் சாம்-50-ஐயும் இது பிடித்துவிடாதா என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்வி. மருந்து கொடுத்த எலிகள் நோய் தீர்ந்து பிழைத்திருந்தன. நம் தச்சன் அணுவின் உள்ளே, இன்னொரு சவ்வுக்கு அப்பால் இருக்கிறான் என்பதும் ஒரு பாதுகாப்பு. குடலில் உள்ள நல்ல கிருமிகளில் பெரும்பாலானவற்றையும் இது தொடவில்லை. டாரோபாக்டின் இன்னும் மனிதர்களுக்கான மருந்தாகக் கடைக்கு வரவில்லை. அதைவிட வீரியமான வடிவங்களைச் செய்யும் வேலை பல நாட்டு ஆராய்ச்சிக் கூடங்களில் நடந்துகொண்டிருக்கிறது.